ஜான் பால் ஜோன்ஸுக்கு இத்தனை புகழ் தகுமா?

செந்தூரான்

அனாபொலிஸில் அமெரிக்கக் கடற்படை அகாதெமியின் தேவாலயத்துக்கு அடியில் ஒரு நிலவறை இருக்கிறது. நடுவில் கருப்பு வெள்ளை வரியோடிய பிரெஞ்சுப் பளிங்கில், 21 டன் எடையில் ஒரு சமாதிப் பேழை. உள்ளே ஜான் பால் ஜோன்ஸ். "அமெரிக்கக் கடற்படையின் தந்தை" என்று பலரும் அவரைத்தான் சொல்கிறார்கள்.

ஆளுடைய கணக்கைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒரு பண்ணைத் தோட்டக்காரரின் மகனாக 1747-ல் பிறந்தார். அப்போது வெறும் ஜான் பால். 13 வயதில் ஒயிட்ஹேவன் துறைமுகத்தில் கப்பலேறினார். 1773-ல் கரீபியத் தீவான டொபாகோவில் சம்பளத் தகராறில் ஒரு மாலுமியை வாளால் குத்திக் கொன்றார். விசாரணைக்கு நிற்காமல் அங்கிருந்து தப்பி, கடைசியில் வர்ஜீனியாவுக்கு வந்து, பெயருக்குப் பின்னால் "ஜோன்ஸ்" என்று ஒட்டிக்கொண்டார். 1775 டிசம்பரில், பிரிட்டனிடமிருந்து விடுதலைக்காகப் போரிட்ட அமெரிக்கர்களிடம் புதிதாக முளைத்திருந்த கடற்படையில் ஆல்ஃபிரட் என்ற கப்பலின் முதல் லெப்டினன்ட் ஆனார். 1776 அக்டோபரில் அவர்களுடைய நாடாளுமன்றமான காங்கிரஸ் போட்ட கேப்டன்களின் மூப்புப் பட்டியலில் அவருக்கு 18-ஆவது இடம். அந்த வயிற்றெரிச்சல் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை.

பேர் சொல்லும் சண்டைகள் இரண்டு. 1778-ல் ஒன்று, 1779-ல் ஒன்று. 1792-ல் பாரிஸில் 45 வயதில் செத்தபோது அமெரிக்கா பெரிதாகக் கண்டுகொள்ளவே இல்லை. நூறு வருடத்துக்கு மேல் சவக்குழி எங்கே என்றுகூட யாருக்கும் தெரியாது.

என் கட்சி இது: ஆள் வீரர், மறுக்கவில்லை. ஆனால் "தந்தை" பட்டம் 20-ஆம் நூற்றாண்டு அரசியலுக்காக வந்த பட்டம். மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

தோணிக்காரன்

செந்தூரான் தம்பி, கடலில் ஆளை வருடக் கணக்கில் எடை போடக் கூடாது. கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், 1779 செப்டம்பர் 23 இரவு ஒன்று போதும்.

முதலில் கப்பல்கள். ஜோன்ஸ் ஓட்டியது பொனோம் ரிஷார். கிழக்கு நாடுகளுக்குச் சரக்கு ஏற்றி ஓடிக் களைத்த பழைய பிரெஞ்சு வணிகக் கப்பல். பழைய பெயர் துக் தெ துரா. பெஞ்சமின் பிராங்க்ளின் ஆண்டுதோறும் வெளியிட்ட பஞ்சாங்கத்தில் "ஏழை ரிச்சர்ட்" என்றொரு பாத்திரம் வரும். பிராங்க்ளினுக்கு மரியாதையாக அந்தப் பெயரின் பிரெஞ்சு வடிவத்தை ஜோன்ஸ் வைத்தார். எதிரில் வந்தது செராபிஸ். ஆங்கிலேயரின் புதுக் கப்பல், அடியில் செம்புத் தகடு அடித்தது. பாசியும் சிப்பியும் ஒட்டாது, வேகமாகத் திரும்பும். 44 பீரங்கிக் கப்பல் என்று பெயர், ஏற்றியிருந்தது 50. அதில் 20 பீரங்கிகள் 18 ராத்தல் குண்டு போடுகிறவை. ஜோன்ஸிடம் அந்த அளவில் ஆறுதான் இருந்தன, அவையும் பழசு.

இடம் யார்க்‌ஷயர் கரையில் ஃபிளாம்பரோ முனை. மாலை ஏழு மணி வாக்கில் தொடங்கியது. முழு நிலா. கரையில் பாறை மேட்டின் மேல் ஊர்ச்சனம் கூடி நின்று பார்த்தது.

முதல் சுற்றிலேயே ஜோன்ஸின் 18 ராத்தல் பீரங்கிகளில் இரண்டு வெடித்துச் சிதறின. செத்தது அவருடைய ஆட்களே. மீதி நாலையும் தொட யாரும் தயாரில்லை. கீழ்த்தளத்துப் பெரிய பீரங்கி என்று ஒன்றும் இல்லாமல் போயிற்று. இனித் தள்ளி நின்று சுட்டால் அரை மணியில் கதை முடியும். அவர் எடுத்த முடிவுதான் என்னைப் பொறுத்தவரை அவருடைய மேதைமை. வேகத்திலும் பீரங்கியிலும் மிஞ்சிய கப்பலை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். செராபிஸின் முன்கொம்பு ரிஷாரின் பின்பக்கக் கயிறுகளில் சிக்கியதும், தானே கயிறு எடுத்துப் பிணைத்தார். பெரிய வடம் கொண்டுவந்த மாஸ்டர் ஸ்டேசி கெட்ட வார்த்தை சொன்னாராம். அடுத்த நிமிஷம் நாம் பரலோகத்தில் இருக்கலாம், இப்போது வசவு வேண்டாம், வேலையைப் பாருங்கள் என்று ஜோன்ஸ் சொன்னதாக அந்தக் கப்பலில் இருந்த ஒருவர் பிற்பாடு எழுதிவைத்திருக்கிறார்.

இரண்டு கப்பலும் ஒன்றின் தலைக்கு மற்றதன் வால் என்று ஒட்டிக்கொண்டன. ஆங்கிலக் கேப்டன் ரிச்சர்ட் பியர்சன், நீரோட்டம் பிரித்துவிடும் என்று நங்கூரத்தைப் போட்டுப் பார்த்தார். பிரியவில்லை. எவ்வளவு நெருக்கம் என்றால், பீரங்கியில் மருந்தும் குண்டும் இடிக்கிற நீளக் கழியை எதிரிக் கப்பலின் பீரங்கித் துளைக்குள் நீட்டித்தான் கெட்டிக்க முடிந்தது. கீழே செராபிஸ் சுட்டுச் சுட்டு ரிஷாரின் பக்கவாட்டை ஓட்டையாக்குகிறது, குண்டு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகிறது. மேலே ஜோன்ஸின் துப்பாக்கிக்காரர்கள் பாய்மர உச்சித் தட்டுகளில் உட்கார்ந்து செராபிஸின் மேல்தளத்தில் ஒரு தலை தெரியவிடாமல் சுடுகிறார்கள்.

அப்புறம் வில்லியம் ஹாமில்டன் என்ற மாலுமி பாய் கட்டும் பருமல் மரத்தில் ஊர்ந்து போய், கையெறி குண்டுகளைச் செராபிஸின் தளத்துத் திறப்புக்குள் போட்டார். ஒன்று கீழே சிதறிக் கிடந்த மருந்துப் பைகளில் விழுந்து, தளம் நெடுகப் பற்றிக்கொண்டு போனது. மூன்றரை மணி நேரச் சண்டைக்குப் பின் பியர்சன் தன் கையாலேயே கொடியைக் கிழித்து இறக்கினார். அதே சமயத்தில் செராபிஸின் நடுப்பாய்மரம் சாய்ந்தது.

ஜெயித்தவருடைய கப்பல் 25-ஆம் தேதி காலை மூழ்கிப்போயிற்று. ஜோன்ஸ் தோற்ற கப்பலில் ஏறித்தான் கரை சேர்ந்தார். எனக்குத் தெரிந்து இப்படி இன்னொன்று இல்லை.

பரமக்குடி பாலா

அண்ணாச்சி, படிக்கும்போதே மூச்சு முட்டுகிறது. ஒரு சந்தேகம். ஜோன்ஸோடு வேறு கப்பல்களும் வந்தனவே, அவை என்ன செய்தன?

தோணிக்காரன்

அதை ஏன் கேட்கிறீர்கள். பல்லாஸ் என்ற கப்பல் ஒழுங்காகத் தன் வேலையைப் பார்த்து, கவுண்டஸ் ஆஃப் ஸ்கார்பரோ என்ற இன்னொரு ஆங்கிலக் காவல் கப்பலைப் பிடித்தது. அலையன்ஸ் என்று ஒன்று, கேப்டன் பியர் லாந்தே. பிரெஞ்சுக்காரர், ஜோன்ஸைக் கண்டால் ஆகாது. சண்டை உச்சத்தில் இருக்கும்போது வந்து, கட்டிப்பிடித்துக் கிடந்த இரண்டு கப்பல் மேலும் சேர்த்துச் சுட்டார். ரிஷாரிலிருந்து கத்துகிறார்கள், விளக்கு காட்டுகிறார்கள், திரும்பவும் வந்து சுடுகிறார். ஜோன்ஸின் ஆட்கள் அதில் செத்தார்கள். இரண்டும் மூழ்கினால் வெற்றி தனக்கு என்று நினைத்தாரா, புத்தி பேதலித்ததா, இன்றைக்கும் வாதம் நடக்கிறது. பிறகு அமெரிக்காவுக்குத் திரும்பும் வழியில் அவருடைய அதிகாரிகளே அவரிடமிருந்து கப்பலைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பதை வைத்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

செந்தூரான்

அண்ணாச்சி நன்றாக எழுதுகிறீர்கள், ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். செராபிஸ் அங்கே எதற்கு நின்றது? பால்டிக்கிலிருந்து கப்பல் கட்டும் மரமும் கயிறும் ஏற்றி வந்த நாற்பதுக்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களுக்குக் காவலாக. ஜோன்ஸ் தேடி வந்தது அந்தச் சரக்கை. பியர்சன் குறுக்கே நின்று அடிவாங்கிய நேரத்தில் அத்தனையும் தப்பிவிட்டன. அதனால்தான் கப்பலைப் பறிகொடுத்த பியர்சனுக்கு இங்கிலாந்து மன்னர் "சர்" பட்டம் கொடுத்தார். அந்தச் சேதி கேட்ட ஜோன்ஸ், மறுபடி அவரைக் கடலில் பார்த்தால் பிரபு ஆக்கிவிடுகிறேன் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. ரசிக்கத்தக்க கதைதான். ஆனால் காரியம் யாருடையது நடந்தது?

கீழவாசல் கபீர்

காரியம் என்று சரக்கை மட்டும் எண்ணினால் எப்படி தோழர்? ஜோன்ஸ் எங்கே போய்ச் சண்டை போட்டார் என்று பாருங்கள். அமெரிக்கக் கரையில் இல்லை, எதிரியின் வாசலில்.

1778 ஏப்ரல். ரேஞ்சர் என்ற சின்னக் கப்பலில் ஐரிஷ் கடலுக்குள் நுழைந்து, தான் சிறுவயதில் கப்பலேறிய அதே ஒயிட்ஹேவன் துறைமுகத்தில் 22-ஆம் தேதி இரவு இரண்டு படகுகளில் ஆட்களை இறக்கினார். துறைமுகத்தில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் தரைதட்டி நெருக்கியடித்து நிற்கின்றன, பெரும்பாலும் நிலக்கரிக் கப்பல்கள். எல்லாவற்றையும் கொளுத்துவது திட்டம். கோட்டைச் சுவரில் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி உள்ளே போய், பீரங்கிகளின் மருந்துத் துளையில் ஆணி அறைந்து செயலிழக்கச் செய்துவிட்டார்கள். அது வரை சரி. கொளுத்தப் போன கூட்டத்தின் விளக்குகள் அணைந்துவிட்டன. நெருப்பு வாங்க ஒரு சாராயக்கடைக்குள் போனவர்கள் அங்கேயே குடிக்க உட்கார்ந்துவிட்டார்கள். அவருடைய ஆட்களில் ஒருவனே தெருத்தெருவாகக் கதவைத் தட்டி ஊரை எழுப்பிவிட்டான். கடைசியில் தாம்சன் என்ற ஒரே கப்பலில் தீ வைத்தார்கள், அதையும் ஊர்க்காரர்கள் அணைத்துவிட்டார்கள்.

நட்டம் சில நூறு பவுண்டுதான். ஆனால் கரை முழுக்கக் கிலி பிடித்துவிட்டது. நம்மூரில் 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் வந்து சென்னையில் பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனதே, பட்டணத்து ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதே, அதே வகைச் சங்கதி. அடித்த அடி சின்னது, ராஜ்யத்தின் மானம் போனது பெரிது. பிரிட்டிஷ் கடற்படை இருக்கும்போது சொந்தக் கரையில் ஒருவன் இறங்கிவிட்டான் என்பதை லண்டனால் ஜீரணிக்க முடியவில்லை.

பரமக்குடி பாலா

அதனால்தான் கடற்கொள்ளைக்காரன் என்றார்களா?

கீழவாசல் கபீர்

அதுவும் ஒரு காரணம். சட்டப்படி பார்த்தால், அமெரிக்கா ஒரு நாடு என்றே பிரிட்டன் ஒப்புக்கொள்ளவில்லை. அப்போது அதன் கொடியில் வருகிறவன் ராஜத்துரோகி அல்லது கொள்ளைக்காரன். பிடிபட்ட அமெரிக்க மாலுமிகளைப் போர்க்கைதியாக நடத்தாமல் இங்கிலாந்துச் சிறைகளில் போட்டு வைத்திருந்தார்கள். ஒயிட்ஹேவன் முடிந்த கையோடு ஜோன்ஸ் எதிர்க்கரைக்குப் போனதும் அதற்காகத்தான். செயின்ட் மேரீஸ் தீவில் செல்கர்க் பிரபுவைத் தூக்கிக்கொண்டு போய், அவரைக் காட்டிக் கைதிகளை மீட்கலாம் என்பது எண்ணம். பிரபு வீட்டில் இல்லை. வெறுங்கையோடு திரும்ப மாட்டோம் என்று ஆட்கள் முறுக்கிக்கொண்டார்கள். சரி, வெள்ளிப் பாத்திரங்களை மட்டும் கேட்டு வாங்கி வாருங்கள், வேறு எதையும் தொடக் கூடாது என்று அனுப்பினார். பிரபுவின் மனைவி மரியாதையாக எடுத்துக் கொடுத்தார். தேநீர்க் கெண்டியில் காலையில் போட்ட இலை ஈரமாக அப்படியே இருந்ததாம்.

பிறகு ஜோன்ஸ் அந்த அம்மாளுக்கு நீண்ட கடிதம் எழுதினார். அந்த வெள்ளியைத் தன் கைக்காசு கொடுத்து ஆட்களிடமிருந்து வாங்கி, போர் முடிந்த பிறகு திருப்பி அனுப்பினார். எந்தக் கொள்ளைக்காரன் இதைச் செய்வான்?

ஃபிளாம்பரோவுக்குப் பிறகு ஹாலந்தில் டெக்ஸல் துறைமுகத்துக்கு ஒதுங்கியபோதும் இதே பிரச்சினை. பிரிட்டிஷ் தூதர், கொள்ளைக்காரனைப் பிடித்துக் கொடு என்று டச்சுக்காரர்களை நெருக்கினார். செராபிஸில் பறந்த கொடி சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று நிறப் பட்டைகள் கலந்தது, ஊருக்குத் தெரிந்த கொடி எதிலும் சேராதது. இதுவும் ஒரு நாட்டின் கொடிதான் என்று அதை வரைந்து பதிவில் வைத்துக்கொண்டார்கள் டச்சுக்காரர்கள்.

இளவேனில்

எல்லாரும் வெள்ளிக் கெண்டியிலேயே நிற்கிறீர்கள். நான் கொஞ்சம் வேண்டாத பேச்சு பேசுகிறேன்.

ஜான் பால் 17 வயதில் கிங் ஜார்ஜ் என்ற கப்பலில் மூன்றாவது மேட் (கேப்டனுக்குக் கீழுள்ள அதிகாரி) ஆகச் சேர்ந்தார். அது அடிமை வணிகக் கப்பல். அதற்குப் பின் டூ ஃபிரெண்ட்ஸ் என்ற கப்பலில் முதல் மேட். ஐம்பது அடி நீளக் கப்பலில் 77 ஆப்பிரிக்கர்களை அடைத்து ஜமைக்காவுக்குக் கொண்டுபோன கப்பல் அது. சில வருடத்தில் அந்தத் தொழிலை வெறுத்து விலகினார் என்று எல்லா வாழ்க்கை வரலாற்றிலும் ஒரு வரி வரும். விலகியது உண்மை. ஆனால் அந்த ஒரு வரியோடு கடந்துபோவது எனக்குச் சம்மதமில்லை. கப்பலோட்டும் வித்தையில் பாதி அவருக்கு அங்கே வந்ததுதான்.

அடுத்து மங்கோ மாக்ஸ்வெல். 1770-ல் ஜான் என்ற கப்பலில் தச்சு வேலை செய்தவர். ஜோன்ஸ் அவரைச் சாட்டையால் அடிக்க வைத்தார். மாக்ஸ்வெல் டொபாகோவில் முறையிட்டார், நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வேறு கப்பலேறி ஊருக்குத் திரும்பும் வழியில் செத்துப்போனார். தகப்பனார் புகார் கொடுத்து, ஜோன்ஸை ஸ்காட்லாந்தில் கர்க்குப்ரி சிறையில் அடைத்தார்கள். சாவு காய்ச்சலால் வந்தது என்று சாட்சிக் கடிதங்கள் வாங்கித்தான் அவர் பெயரைக் கழுவிக்கொண்டார். மூன்று வருடம் கழித்து டொபாகோ கொலை. இரண்டு சம்பவத்திலும் எதிரே நின்றது அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

கடைசியாக ரஷ்யா. மகாராணி இரண்டாம் கேத்தரின் அழைத்து 1788-ல் ரியர் அட்மிரல் ஆக்கினார். கருங்கடலில் துருக்கியருக்கு எதிராக நீப்பர் ஆற்றுமுகத்தில் நன்றாகவே சண்டை போட்டார். அங்கே ரஷ்யத் தளபதி பொட்டெம்கினோடும் நாசாவ்-சீகன் இளவரசரோடும் முட்டிக்கொண்டு, பதவி இழந்து பீட்டர்ஸ்பர்க்குக்கு வந்த இடத்தில், 1789-ல் ஒரு சிறுமியை வன்கொடுமை செய்ததாக அவர்மேல் புகார் வந்தது. பிரெஞ்சுத் தூதர் செகூர் இது சதி என்று வாதாடி அவரைக் காப்பாற்றினார். வழக்கு நடக்கவில்லை. ஆனால் ஜோன்ஸ் காவல்துறைத் தலைவருக்கு எழுதிய விளக்கம் இருக்கிறது. வன்கொடுமையை மறுக்கிறார், அந்தப் பெண் பணத்துக்காகத் தன்னிடம் வந்துபோனதை மறுக்கவில்லை. தாய் சொன்னபடி பிள்ளைக்கு வயது பத்து. இதைச் சதி என்ற ஒரே சொல்லில் மூடிவிட்டு, சமாதியில் மாலை போடச் சொன்னால் எனக்குக் கை வராது.

தோணிக்காரன்

ரஷ்ய விஷயத்தில் அவருக்காக நான் ஒரு சொல்லும் பேச மாட்டேன், இளவேனில். சாட்டையடி மட்டும் அந்தக் காலத்து எல்லாக் கப்பலிலும் தினசரி நடந்தது. அதில் அவர் மற்றவர்களைவிடக் கொடியவர் இல்லை.

இளவேனில்

தினசரி நடந்ததால் தச்சருக்கு வலி குறைந்திருக்காது அண்ணாச்சி.

செந்தூரான்

இளவேனில் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அவரைப் பற்றி நாம் "அறிந்த" பல சேதிகளே பொய்.

"நான் இன்னும் சண்டையையே ஆரம்பிக்கவில்லை" என்று பியர்சனைப் பார்த்துச் சொன்னாராம். அந்த வசனம் அவருடைய லெப்டினன்ட் ரிச்சர்ட் டேல், நாற்பது வருடத்துக்கும் மேல் கழித்து நினைவிலிருந்து சொன்னது. ஜோன்ஸ் தானே எழுதிய அறிக்கையில் கொடியை இறக்கச் சம்மதமா என்று கேட்டதற்கு மிக உறுதியாக மறுத்தேன் என்று மட்டும் இருக்கிறது. அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் வேறு வேறு வசனங்கள் வந்தன.

இதாவது நினைவுப் பிசகு என்று விடலாம். 1900-ல் அகஸ்டஸ் பியூயெல் என்பவர் எழுதிய வாழ்க்கை வரலாறு இருக்கிறதே, அது முழு மோசடி. இல்லாத ஆவணங்களை இருப்பதாகக் காட்டி, ஜோன்ஸ் எழுதாத கடிதங்களைத் தானே எழுதிச் சேர்த்தார். அதில் ஒன்று, கடற்படை அதிகாரிக்குக் கப்பலோட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, அவர் நாகரிகமான கனவானாகவும் இருக்க வேண்டும் என்று போகும் கடிதம். அனாபொலிஸ் மாணவர்கள் பல தலைமுறை அதை மனப்பாடம் செய்தார்கள். சொன்னது ஜோன்ஸ் இல்லை, பியூயெல்.

பரமக்குடி பாலா

அடப்பாவமே. கைக்கு எழுதிக்கொடுத்த பொன்மொழியைப் படித்துத்தான் அட்மிரல் ஆனார்களா!

கீழவாசல் கபீர்

பியூயெலின் பொய்க்கு ஜோன்ஸ் எப்படிப் பொறுப்பு? அவருடைய அசல் கடிதங்களே ஏராளம் இருக்கின்றன. 1778 நவம்பரில் வேகமாக ஓடாத கப்பல் எனக்கு வேண்டாம், ஆபத்து இருக்கும் பக்கமாகப் போக நினைக்கிறேன் என்று எழுதியது அசல். போர் முடிந்த பிறகு கடற்படைக்கு என்னென்ன வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களும் அசல். அதிகாரிகளை முறையாகப் பயிற்றுவிக்க வேண்டும், அமைதிக் காலத்திலேயே போருக்குத் தயாராக இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் வருகிறது. அகாதெமி தொடங்கியது 1845-ல். அறுபது வருடத்துக்கு முன் இதை யோசித்த ஆளுக்குச் சமாதி அங்கே இருப்பதில் என்ன தவறு?

இன்னொன்று. பிடிபட்ட கப்பலை விற்ற பணத்தில் தன் மாலுமிகளுக்குச் சேர வேண்டிய பங்கை வாங்க, போர் முடிந்த பிறகு பாரிஸில் அதிகாரிகள் வாசலில் வருடக்கணக்கில் நின்றார். அதையும் இளவேனில் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இளவேனில்

வைத்துக்கொள்கிறேன். அதில் அவருக்கும் பங்கு இருந்தது என்பதையும் சேர்த்து.

செந்தூரான்

கபீர், யோசித்தவர் தந்தை என்றால் யோசித்தவர்கள் பட்டியல் நீளம். நிஜமாக நடந்தது வேறு. ஜோன்ஸ் இருந்த அந்தக் கடற்படையே போர் முடிந்ததும் கலைந்துபோனது. மிஞ்சிய கடைசிக் கப்பல் அலையன்ஸ், அதையும் 1785-ல் விற்றார்கள். அவருக்கென்று கட்டிய 74 பீரங்கிக் கப்பல் "அமெரிக்கா", கடலில் இறங்குவதற்குள் பிரெஞ்சுக்காரர்களுக்கு அன்பளிப்பாகப் போய்விட்டது. இன்றைய கடற்படை 1794-ல் புதிதாகத் தொடங்கியது. ஜோன்ஸ் செத்து இரண்டு வருடம்.

அந்தப் புதுப் படையில் முதல் எண் நியமனம் யாருக்கு? அயர்லாந்தின் வெக்ஸ்ஃபர்டில் பிறந்த ஜான் பாரிக்கு. 1797-ல் வாஷிங்டன் கையெழுத்திட்டுக் கொடுத்தது. இளம் அதிகாரிகளைத் தன் கப்பலில் வைத்துப் பழக்கியவர். லாந்தே மேல் நடந்த ராணுவ விசாரணைக்குத் தலைமை வகித்தவரும் இவர்தான். பிள்ளையை வளர்த்தவர் இவர், பெயர் அவருக்கு.

தோணிக்காரன்

பாரி நல்ல கேப்டன், மறுப்பில்லை. ஆனால் தம்பி, ஒரு படைக்கு நிர்வாகி மட்டும் போதாது. கப்பல் மூழ்குகிறது, பம்பு ஈடுகொடுக்கவில்லை, கீழே அடைத்து வைத்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலக் கைதிகள் பீதியில் மேலே ஓடி வருகிறார்கள். டேல் அவர்களையே பம்பில் நிறுத்தி, இறைக்காவிட்டால் நீங்களும் சாவீர்கள் என்று வேலை வாங்கினார். சொந்த ஆட்களில் ஒருவன் சரணடைகிறோம் என்று கத்திக்கொண்டு கொடியை இறக்க ஓடுகிறான். ஜோன்ஸ் கைத்துப்பாக்கியை அவன் தலையில் வீசி அடித்தார். அந்த நிலையிலும் கேப்டன் அசையவில்லை என்ற நினைப்பு அடுத்த தலைமுறை மாலுமிக்குத் தருகிற தெம்பு இருக்கிறதே, அதை நியமன எண்ணால் அளக்க முடியாது.

மட்டுறுத்துநர்

விவாதம் நன்றாகப் போகிறது. தனி நபர் சீண்டல் வேண்டாம் என்று ஒரு பதிவை மட்டும் நீக்கியிருக்கிறேன். தொடருங்கள்.

பரமக்குடி பாலா

செந்தூரான் அண்ணே, முதலில் 20-ஆம் நூற்றாண்டு அரசியல் என்றீர்களே, அதை இன்னும் சொல்லவில்லை. சவக்குழி தெரியாமல் போன கதையும்.

செந்தூரான்

சொல்கிறேன். ஜோன்ஸ் பாரிஸில் துர்னோன் தெரு வாடகை அறையில், 1792 ஜூலை 18 அன்று செத்தார். அல்ஜியர்ஸில் அமெரிக்கத் தூதராக அவரை நியமித்த கடிதம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. அமெரிக்கத் தூதுவர் செலவு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ள, சீமோனோ என்ற பிரெஞ்சு அதிகாரி தன் பணத்தைப் போட்டு, உடலை ஈயப் பெட்டியில் வைத்து, சாராயம் ஊற்றி மூட வைத்தார். பின்னொரு நாள் அமெரிக்கா கேட்டால் கொடுக்கலாம் என்ற எண்ணம். புராட்டஸ்டன்ட் அந்நியர்களுக்கான இடுகாட்டில் புதைத்தார்கள். புரட்சிக் காலம், இடுகாடு விற்கப்பட்டது, மேலே கட்டடங்கள் வந்தன.

1899-ல் பிரான்சுக்கான அமெரிக்கத் தூதர் ஹொரஸ் போர்ட்டர் சொந்தச் செலவில் தேட ஆரம்பித்தார். 1905-ல் அந்த வீடுகளுக்கும் கொட்டகைகளுக்கும் அடியில் சுரங்கத் தொழிலாளர்களை வைத்துக் குழி இறக்கிக் குடைந்தார்கள். கிடைத்த ஈயப் பெட்டிகள் ஐந்து. மூன்றாவதில் சாராயத்தால் கெடாமல் இருந்த உடல். சிற்பி உடோன் உயிரோடு இருந்தபோது செய்த மார்பளவுச் சிலையோடு முக அளவுகளை ஒப்பிட்டார்கள். உடற்கூறு பார்த்தபோது சிறுநீரக நோயின் தடயம் தெரிந்தது, கடைசி நாட்களில் அவருக்கு இருந்த உபாதைகளோடு ஒத்துப்போனது.

இப்போது அரசியல். அப்போது அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். போர்க்கப்பல்களுக்குக் காங்கிரஸிடம் பணம் கேட்டுக்கொண்டிருந்த மனிதர். இப்படி ஒரு வீரனின் உடல் கிடைத்தால் விடுவாரா? நாலு குரூசர் போர்க்கப்பல்களை அனுப்பி அழைத்து வந்தார். 1906 ஏப்ரல் 24 அன்று அனாபொலிஸில் பெரிய விழா, அவரே பேசினார். அடுத்த வருடக் கடைசியில் 16 போர்க்கப்பல்களை உலகம் சுற்ற அனுப்பினார். விழா முடிந்த பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? சமாதி கட்டக் காங்கிரஸ் பணம் ஒதுக்கவில்லை. பெட்டி மாணவர் விடுதியின் படிக்கட்டுக்குக் கீழே கிடந்தது. 1913 ஜனவரியில்தான் இப்போதைய நிலவறைக்குப் போனது. விழாவுக்கு வேண்டிய தந்தை, அப்புறம் மாடிப்படிக்குக் கீழே.

கீழவாசல் கபீர்

இது நல்ல அடி, ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் விழாவுக்கு அந்தத் தேதியை ஏன் எடுத்தார்கள் என்றும் பாருங்கள். 1778-ல் அதே ஏப்ரல் 24 அன்றுதான் ரேஞ்சர், அயர்லாந்தின் கேரிக்ஃபெர்கஸுக்கு வெளியே டிரேக் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைப் பிடித்தது. ஒரு மணி நேரச் சண்டை. பிரிட்டிஷ் கடற்பரப்பிலேயே நடந்தது. விழா எடுத்தவர்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், விழா எடுக்கச் சரக்கு இருந்தது.

ஒயிட்ஹேவன்காரர்களே 1999-ல் அவருக்கு முறைப்படி மன்னிப்பு வழங்கிவிட்டார்கள். நீங்கள் மட்டும் விறைப்பாக நிற்கிறீர்கள்.

செந்தூரான்

கொளுத்த வந்தவரை மன்னிக்கிறது ஒயிட்ஹேவன். தந்தை என்று கூப்பிடச் சொல்லவில்லையே! வீரர், நல்ல கப்பலோட்டி, கூட இருந்தவர்களுக்குக் கடினமான மனிதர். அதுவரை என் கையெழுத்து உண்டு.

பரமக்குடி பாலா

கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். மூழ்கின ரிஷார் கிடைத்ததா?

தோணிக்காரன்

கண்டுபிடித்துவிட்டோம் என்று அவ்வப்போது யாராவது அறிவிப்பார்கள். ஃபிளாம்பரோ பக்கம் கடலடியில் மரக்கப்பல் சிதைவுகள் அநேகம். இதுதான் அது என்று எல்லாரும் ஏற்கும்படி இன்னும் நிரூபணம் ஆகவில்லை. அடிபட்ட கப்பல் ஒன்றரை நாள் மிதந்துகொண்டே போனதால் தேட வேண்டிய பரப்பும் பெரிது.

செராபிஸ் கிடைத்துவிட்டது. அதைப் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டு, இந்தியப் பெருங்கடலில் ஆங்கிலேயருக்கு எதிராக ஓட்ட அனுப்பினார்கள். 1781-ல் மடகாஸ்கர் பக்கம் செயின்ட் மேரி தீவருகே நின்றபோது, ஒரு மாலுமி விளக்கைப் பிராந்தித் தொட்டிக்குள் தவறவிட்டான். தீ மருந்தறைக்குப் போய்க் கப்பல் வெடித்தது. 1999-ல் அதன் சிதைவை அடையாளம் கண்டார்கள். ஜோன்ஸின் ஆட்கள் மூன்றரை மணி நேரம் சுட்டும் மூழ்காத கப்பல் அது.